பந்தியில் ஒரு பிஸ்டல்!

சூரமங்கலத்தில் போன மாசம் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் பெல்ட்டைத் தளர்த்துகிற சாக்கில் சட்டையைச் சற்றே தூக்கினார். இடுப்பில் பிஸ்டல்! அப்பளம் பரிமாற வந்த பையன் கூடையோடு நின்றுவிட்டான்.

"பயப்படாதீங்க, லைசென்ஸ் இருக்குதுங்க!" என்றார், புது மோதிரத்தைக் காட்டுகிற தோரணையில்.

லைசென்ஸ் வைத்துக்கொள்ளத்தான் ஸார், காட்டிக்கொள்ள இல்லை! 2016-ம் வருஷத்து ஆயுத விதிகள்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள் முழுசாக மூடி இருக்கவேண்டும். எடுத்து ஆட்டினால் துப்பாக்கியும் போகும், லைசென்ஸும் போகும். கல்யாணக் குஷியில் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால், 2019 திருத்தச் சட்டப்படி 2 வருஷம் வரை ஜெயில், அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே!

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் 2016 ஜனவரியிலிருந்து லைசென்ஸ்காரர்கள் உறையோடு வெளியே தெரியும்படி மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். நமக்கு வேண்டாம் சாமி! பந்தியில் இடம் பிடிக்கவே இங்கே கைகலப்பு.

விஷயத்தைச் சொன்னேன். மனுஷர் சட்டென்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "தம்பி, ஒரு அப்பளம் போடுப்பா" என்றார்.

சட்டம், லைசென்ஸ் எல்லாம் அந்தப் பையனுக்கு என்ன தெரியும்? கூடையை அப்படியே அவர் இலையில் வைத்துவிட்டு ஓடியேவிட்டான்!