கோமுகத்துக்கு 150 பேர் போதும்

காலை நடைக்கு வரும் நண்பருக்குக் கோமுகம் போக அனுமதிச் சீட்டு கிடைக்கவில்லை, கங்கோத்ரியோடு திரும்பிவிட்டார். "தேசியப் பூங்காவாம், ஒரு நாளைக்கு 150 பேர்தானாம்! கங்கா மாதாவைப் பார்க்கக் கோட்டாவா? ரோடு போட்டால் என்ன?" என்று இன்னும் ஓயவில்லை.

ஆயுசெல்லாம் பர்மிட் எழுதிய குமாஸ்தா பர்மிட்டுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று சிரித்தாலும் சரி, அந்தக் கோட்டா நியாயம்.

நான் போயிருக்கிறேன். 18 கிலோமீட்டர் நடை. பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சுப் புத்தகத்தில் பார்த்த 'மெர் த கிளாஸ்' மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கும் என்று நினைத்துப் போனேன். 30 கிலோமீட்டர் நீளப் பனியாற்றின் முகப்போ மண்ணும் கல்லும் அப்பிய சுவர். அடியில் சாம்பல் நிறத்தில் பாகீரதி சீறுகிறாள். அந்தச் சுவர் வருஷத்துக்குச் சுமார் 20 மீட்டர் பின்வாங்குகிறது.

கோட்டா போட்டால் உருகுவது நிற்குமா என்கிறார். நிற்காது, அது உலகச் சூட்டின் வேலை. ஆனால் வழியில் போஜ்பாசா என்று ஓர் இடம். போஜ மரங்களால் வந்த பெயர். ராத்திரி அங்கேதான் தங்கினேன், ஒரு மரம் கண்ணில் படவில்லை. வந்தவர்களின் அடுப்புக்கு விறகாகவே போய்விட்டன.

ரோடு வந்தால் பின்னாலேயே என்னென்ன வரும் என்று ஒரகடத்துக்காரருக்கா நான் சொல்ல வேண்டும்? நாங்கள் காலை நடை போவதே கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான்.