ஓட்டு இல்லாதவங்களுக்கு யார் இருக்கா?

தெமோதரையில ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வர்ற கூட்டம் நமக்குத் தெரியும். அதே தண்டவாளத்துல கோச்சியேறி, தலைமன்னார் போய், கப்பலேறின நம்ம சனத்தைப் பத்தி எத்தனை பேர் பேசுறோம்?

1964-ல சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டாங்க. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேர் பிறகு பார்க்கலாம். தோட்டத்துச் சனத்திடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கல. 1948 சட்டத்தால குடியுரிமையும் அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போனவங்களிடம் எதுக்குக் கேட்கணும்?

அதுக்கு முன்னாடியே நீதிமன்றக் கதவைத் தட்டிப் பார்த்தாச்சு. கேகாலை மாவட்டத்துக் கோடகன்பிள்ளை வாக்காளர் பட்டியல்ல தன் பெயரைச் சேர்க்கச் சொல்லிப் போட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. தன் பிரஜை யார் என்று தீர்மானிப்பது நாடாளுமன்றத்தின் உரிமை என்று சொல்லி 1953-ல கைவிட்டாங்க.

1983 கலவரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு ஓடிய மலையகக் குடும்பங்கள் முகாம்லயே நின்னுட்டாங்க. அவங்கள்ல 65 பேர் போட்ட வழக்கில் 2019 ஜூன் மாதம் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்புச் சொன்னார்: அவங்க விண்ணப்பத்தைப் பரிசீலித்து மத்திய அரசு 16 வாரத்துக்குள்ள முடிவு சொல்லணும். நீதிமன்றம் குடியுரிமையைக் கையில் கொடுக்கல, அது முடியவும் முடியாது. ஆனா "பதில் சொல்லு" என்று அரசாங்கத்திடம் கேட்டது. அதே வருடம் டிசம்பர்ல வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மட்டும்தான். இலங்கை இல்லை.

"மக்கள் தேர்ந்தெடுக்காத நீதிபதி, அரசாங்கத்தின் கொள்கையில் தலையிடலாமா?" என்று கேட்பவங்க இருக்காங்க. நியாயமான கேள்விதான். ஆனா பிழையான கொள்கைக்குத் தேர்தல்ல பதில் சொல்லலாம் என்பது ஓட்டு உள்ளவங்களுக்கு. அகதிக்கு எந்தத் தேர்தல்? டியேகோ கார்சியா தீவில் 3 வருடம் அடைபட்டிருந்த தமிழர்களை எந்த எம்.பி.யும் பிரதிநிதித்துவப்படுத்தல. அது சட்டவிரோதத் தடுப்பு என்று 2024 டிசம்பர்ல சொன்னது ஒரு நீதிமன்றம்தான்.

நீதிமன்றம் எப்பவும் காப்பாத்தும் என்று நாங்க நம்பல, 1953 மறக்கல. ஆனா காரணம் கேட்கவும் தவணை குறிக்கவும் ஒரு இடம் இருக்கணும். அதுவும் இல்லாட்டி நம்ம தலையெழுத்து மறுபடியும் ரெண்டு பேர் கையெழுத்துதான்.