முதலில் சுட்டது யார்? லூகாஸ் மேல் ரசிகர்களுக்கு ஏன் இந்தக் கோபம்?

1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில், பாரில் தன்னைத் துப்பாக்கியோடு மிரட்டும் கிரீடோவை மேஜைக்கு அடியிலிருந்தே சுட்டுத் தள்ளுவார் ஹான் சோலோ. ஆள் எப்படிப்பட்டவர் என்று அந்த ஒரே காட்சியில் புரிந்துவிடும். அப்படிப்பட்டவர் கடைசியில் நண்பர்களுக்காகத் திரும்பி வருவதில்தான் கதையின் கிக்கே இருக்கிறது.

1997 மறுவெளியீட்டில் ஜார்ஜ் லூகாஸ் இதை மாற்றினார். இப்போது கிரீடோ முதலில் சுடுவான். ஹான் பதிலுக்குத்தான் சுடுவார். ஹீரோ இரக்கமில்லாத கொலைகாரராகத் தெரியக் கூடாதாம்!

அவர் படம், அவர் திருத்துகிறார், நமக்கென்ன? நியாயம்தான். ஆனால், ரசிகர்களின் கோபம் திருத்தியதில் மட்டும் இல்லை. பழைய படத்தையே கண்ணில் காட்டாமல் வைத்ததில்தான். 2006-ல் டிவிடியின் கூடுதல் டிஸ்க்கில், சுமாரான தரத்தில் ஒரு பிரதியைக் கொடுத்ததோடு சரி. பொறுத்துப் பார்த்த ரசிகர்கள், பழைய ஃபிலிம் சுருள்களைத் தேடிப்பிடித்து, தாங்களே ஸ்கேன் செய்து மீட்டெடுத்தார்கள்.

இதில் கொடுமை என்னன்னா, பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கலர் பூசுவதை எதிர்த்து, கலைப்படைப்பு மக்களின் சொத்து என்று 1988-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் போய் வாதாடியவரே இதே லூகாஸ்தான்.