கெண்டைக்கால் சொல்லும் சேதி

"கோல்ஃப் ஆடறச்சே நாலாவது குழி தாண்டறதுக்குள்ளே கெண்டைக்கால் பிடிச்சுக்கறது. ரெண்டு நிமிஷம் நின்னா சரியாப் போறது. வயசாச்சோன்னோ!" என்றார் என் அத்திம்பேர். அக்கா தைலம் தேய்த்துக் கொண்டிருக்கிறாள்!

நடந்தால் வலி, நின்றால் நிவாரணம், மறுபடி ஏறக்குறைய அதே தூரத்தில் வலி. இதை வெறும் பிடிப்பு என்று விட்டுவிடாதீர்கள், சகோதரிகளே! காலுக்கு ரத்தம் கொண்டு போகும் குழாயில் கொழுப்பு படிந்து வழி குறுகியிருக்கலாம். சிகரெட்டும் சர்க்கரை வியாதியும் இதற்கு உற்ற தோழர்கள். காலில் அடைப்பு இருந்தால் இதயத்திலும் மூளையிலும் இருக்கலாம். பயமே அதுதான். நாள் முழுக்க நின்று, மாலையில் கால் கனத்து, தூக்கி வைத்தால் சுகப்படுகிறதே, அந்த வலி வேறு.

கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்து ஒப்பிட்டாலே டாக்டருக்குப் பெரும்பாலும் புரிந்துவிடும். மருந்தோடு அவர் சொல்லும் முக்கிய வைத்தியம் என்ன தெரியுமோ? நடைதான்! வலி வரும்வரை நடந்து, நின்று ஆறி, மீண்டும் நடப்பது. வாரம் 3 நாளாவது, 30 முதல் 45 நிமிஷம், 12 வாரம். வலியில்லாமல் நடக்கும் தூரம் கூடும்.

18 குழி ஆட்டத்துக்கு ஆறு கிலோமீட்டருக்கு மேல் நடக்கணும். கால் தளர்ந்தால் ஊன்றி அடிப்பது எப்படி? ஆட்டம் தேற, புது மட்டை வாங்குவதைவிட சிகரெட்டை விடுவது மலிவு!

படுத்திருக்கும்போதே பாதம் வலித்தாலோ, புண் ஆறாவிட்டாலோ தாமதிக்காதீர்கள். திடீரென்று கால் வெளுத்துச் சில்லிட்டால், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி! சர்க்கரை உள்ளவர்கள் தினமும் பாதத்தைப் பார்க்கட்டும்.