ஸ்டெம் செல் சிகிச்சைக்குப் பதில் மாத்திரை போதுமா? மேன்டில் செல் லிம்போமாவில் மாறும் கணக்கு!

55 வயது. கழுத்தில் வலியே இல்லாத ஒரு கட்டி. பயாப்ஸி ரிசல்ட் வருகிறது: மேன்டில் செல் லிம்போமா. "ஆறு சைக்கிள் கீமோ, அதுக்கப்புறம் ஸ்டெம் செல் டிரான்ஸ்பிளான்ட்" என்கிறார் டாக்டர். வீட்டில் எல்லோருக்கும் வரும் முதல் கேள்வி, "டிரான்ஸ்பிளான்ட் இல்லாம முடியாதா?" என்பதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன்புவரை இதற்கு, "உடம்பு தாங்கும்னா செஞ்சே ஆகணும்" என்பதே பெரும்பாலும் பதிலாக இருந்தது. இப்போது அந்தப் பதில் மாறத் தொடங்கியிருக்கிறது. என்ன நடந்தது?

மேன்டில் செல் லிம்போமா என்றால் என்ன?

ரத்த வெள்ளை அணுக்களில் ஒரு வகையான 'பி' செல்களில் தொடங்கும் புற்றுநோய் இது. 11-வது, 14-வது குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால், 'சைக்ளின் டி1' என்ற புரதம் அளவுக்கு மீறி உற்பத்தியாகி, செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுகின்றன. அரிதான நோய்தான். 60 வயதைத் தாண்டிய ஆண்களிடம் அதிகம் காணப்படுகிறது. சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்பட்டு, சில வருடங்கள் கழித்துத் திரும்பி வருவதுதான் இதன் பெரிய சிக்கல்.

டிரான்ஸ்பிளான்ட் ஏன் வந்தது?

இங்கே டோனர் யாரும் கிடையாது. நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களையே முன்கூட்டி எடுத்து உறைய வைப்பார்கள். பிறகு மிக அதிக டோஸில் கீமோ. அதில் புற்றுநோய் செல்களோடு எலும்பு மஜ்ஜையும் அழிந்துவிடும். சேமித்து வைத்த செல்களை உடலில் திரும்பச் செலுத்தினால், மஜ்ஜை மறுபடி வளரும். அதுவரை எதிர்ப்பு சக்தி ஏறக்குறைய பூஜ்யம். சில வாரங்கள் தனி அறை, காய்ச்சல், வாய்ப்புண், ரத்தம் ஏற்றுதல் எல்லாம் உண்டு.

இவ்வளவு கஷ்டத்துக்கும் பலன் இருந்தது. கீமோவில் சைட்டராபின் மருந்தைச் சேர்த்து, டிரான்ஸ்பிளான்ட்டும் செய்தபோது, நோய் கட்டுக்குள் இருக்கும் காலம் 3.9 ஆண்டுகளிலிருந்து 9.1 ஆண்டுகளாக நீண்டதை 2016-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது. அதில் இரண்டு பிரிவினருக்கும் டிரான்ஸ்பிளான்ட் நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அதாவது, அந்த வித்தியாசம் சைட்டராபினால் வந்தது. டிரான்ஸ்பிளான்ட்டுக்குப் பிறகு 3 ஆண்டுகள் ரிடுக்ஸிமாப் கொடுத்தால் ஆயுளும் கூடுகிறது என்பதை 2017-ல் பிரெஞ்சு ஆய்வு நிரூபித்தது. ஆக, சுற்றியிருந்த மருந்துகள் முன்னேறிக்கொண்டே வந்தன. அப்படின்னா டிரான்ஸ்பிளான்ட்டின் பங்கு எவ்வளவு?

டிரையாங்கிள் ஆய்வு சொன்னது என்ன?

இந்தக் கேள்வியை நேருக்கு நேர் கேட்டது 'டிரையாங்கிள்'. 65 வயது வரையிலான 870 பேரை மூன்று பிரிவுகளாகப் பிரித்தார்கள்.

- முதல் பிரிவு: வழக்கமான கீமோ + டிரான்ஸ்பிளான்ட்
- இரண்டாம் பிரிவு: அதோடு இப்ரூடினிப் மாத்திரையும்
- மூன்றாம் பிரிவு: கீமோ + இப்ரூடினிப், டிரான்ஸ்பிளான்ட் கிடையாது

மாத்திரை பெற்றவர்களுக்கு, கீமோவின்போதும் அதன் பிறகு 2 ஆண்டுகளும் அது தொடர்ந்தது. பி செல்கள் உயிர்வாழத் தேவையான 'பிடிகே' என்ற நொதியைத் தடுப்பதுதான் இப்ரூடினிப்பின் வேலை.

'தி லான்செட்' இதழில் 2024-ல் முடிவுகள் வெளியாயின. 3 ஆண்டுகளுக்குப் பிறகும் சிகிச்சை தோற்காமல் இருந்தவர்கள் முதல் பிரிவில் 72%, இரண்டாவதில் 88%, மூன்றாவதில் 86%. அதே ஆண்டு டிசம்பரில் வந்த அப்டேட்டில், 4 ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் முறையே 81%, 88%, 90%.

அதாவது, மாத்திரை சேர்ந்ததும் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. மாத்திரையோடு டிரான்ஸ்பிளான்ட்டையும் சேர்த்ததில் கூடுதல் லாபம் தெரியவில்லை. கூடுதல் தொந்தரவு மட்டும் தெரிந்தது. இரண்டும் சேர்ந்த பிரிவில்தான் தீவிரத் தொற்றுகளும், ரத்த அணுக்கள் குறைவதும் அதிகம்.

இன்னொரு ஆய்வும் இதே பக்கம்

அமெரிக்காவின் 'ஈஏ4151' ஆய்வு வேறு வழியில் போனது. கீமோ முடிந்ததும், மிக நுண்ணிய பரிசோதனையிலும் ரத்தத்தில் நோய் தென்படாதவர்களை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு டிரான்ஸ்பிளான்ட்டும் ரிடுக்ஸிமாப்பும், மீதிப் பேருக்கு ரிடுக்ஸிமாப் மட்டும் கொடுத்தார்கள். 3 ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 82.1%, 82.7%. கிட்டத்தட்ட சமம்!

அப்போ டிரான்ஸ்பிளான்ட்டுக்கு குட்பையா?

அவசரப்பட வேண்டாம். மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று, காலம். இது 10 ஆண்டுகள் கழித்தும் திரும்பி வரக்கூடிய நோய். 3, 4 ஆண்டுக் கணக்கு நம்பிக்கை தருகிறது. ஆனால், முழுக் கதை அல்ல.

இரண்டு, மாத்திரைக்கும் விலை உண்டு. இதயத் துடிப்பு சீரற்றுப் போவது, ரத்தக் கசிவு, தொற்று ஆகியவை இப்ரூடினிப்பின் தெரிந்த பக்கவிளைவுகள். முதியவர்களிடம் நடந்த வேறொரு ஆய்வில், அது நோயைத் தள்ளிப்போட்டதே தவிர ஆயுளைக் கூட்டவில்லை. 2023-ல் அமெரிக்காவில் இந்த நோய்க்கான அனுமதியை நிறுவனமே திரும்பப் பெற்றது. அகலாப்ரூடினிப், ஜானுப்ரூடினிப் போன்ற அடுத்த தலைமுறை மருந்துகளில் இதயத் தொந்தரவு குறைவு என்பதால் கவனம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது.

மூன்று, எல்லோருடைய நோயும் ஒன்றல்ல. 'டிபி53' மரபணுவில் பிறழ்வு உள்ளவர்களுக்கு கீமோவும் டிரான்ஸ்பிளான்ட்டும் சரியாக வேலை செய்வதில்லை. நார்டிக் நாடுகளின் ஆய்வுகளில் இவர்களில் பாதிப் பேர் 1.8 ஆண்டுகளுக்குள் இறந்துவிட்டார்கள். இவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே வேறு வழி தேட வேண்டும். ஆனால், டெஸ்ட் எடுத்தால்தானே தெரியும்?

என்ன செய்ய வேண்டும்?

"டிரான்ஸ்பிளான்ட் கட்டாயம்" என்று எல்லோருக்கும் ஒரே சீட்டு எழுதும் காலம் முடிந்துவிட்டது. அதே சமயம், "மாத்திரை இருக்கே, அது போதும்" என்று எல்லோருக்கும் சொல்வதும் அதே தவறின் மறுபக்கம்தான். முதல் சைக்கிள் தொடங்குவதற்கு முன்பே டிபி53 பரிசோதனை நடக்க வேண்டும். 2 ஆண்டுகளுக்கு மாத்திரை வாங்க முடியுமா, இன்ஷூரன்ஸ் கைகொடுக்குமா என்ற கணக்கும் அப்போதே பேசப்பட வேண்டும். பாதியில் மாத்திரை நின்றுபோனால், ஆய்வில் கிடைத்த பலன் அவருக்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மருந்து கைக்கெட்டாத இடத்தில் டிரான்ஸ்பிளான்ட் இன்னும் மதிப்புள்ள வழிதான்.

நோயாளியும் குடும்பமும் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: டிபி53 பார்த்தாச்சா? பிடிகே மருந்து எனக்குப் பொருந்துமா, இதயம் தாங்குமா? டிரான்ஸ்பிளான்ட்டால் எனக்குக் கூடுதலாக என்ன கிடைக்கும்? இப்போது செய்யாவிட்டால், தேவைப்பட்டால் பின்னால் செய்ய முடியுமா?

"டிரான்ஸ்பிளான்ட் இல்லாம முடியாதா?" என்ற அந்த முதல் கேள்வி, பயத்தில் கேட்கும் கேள்வி இல்லை. மருத்துவ உலகமே இப்போது அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. தயங்காமல் கேளுங்கள்.