நீதிக்கும் பேரமா?

கத்தரிக்காய்க்குப் பேரம் உண்டு, கைவிலங்குக்கும் உண்டோ? உண்டு என்கிறது அமெரிக்கா! “குற்றத்தை ஒப்புக்கொள், தண்டனை குறையும்” என விலை கூறுகிறார் அரசு வழக்கறிஞர், தலையசைக்கிறான் கூண்டிலே நிற்பவன், முத்திரையிடுகிறார் நீதிபதி. அங்கே கூட்டரசு வழக்குகளில் தண்டனை பெறுவோருள் நூற்றுக்கு 97 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களே என்று 2012இல் உச்ச நீதிமன்றமே எடுத்துக்காட்டிற்று.

மன்றம் இசைவதேன்? மலையெனக் குவிந்த வழக்குகளை நடுவர் குழு முன் விசாரிக்க ஆளில்லை, நாளில்லை. குற்றம் சாட்டப்பட்டவன் இசைவதேன்? குற்றம் புரிந்ததாலா? எப்போதும் அன்று! ஜாமீனுக்குப் பணமில்லை, சிறையிலே காத்திருந்தால் வேலை போகும், வீடு போகும். வழக்காடித் தோற்றாலோ பன்மடங்கு தண்டனை!

கென்டக்கியில் ஒருவன் மீது 88 டாலர் 30 சென்ட்டுக்கான கள்ளக் காசோலை வழக்கு. ஒப்புக்கொண்டால் 5 ஆண்டு என்றனர். மறுத்தான். பழைய தண்டனைகளைக் காட்டி ஆயுள் தண்டனை வாங்கித் தந்தனர். 1978இல் உச்ச நீதிமன்றம், ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக நின்று, அதைச் செல்லும் என்றது. காசோலை ஒன்றே, கூடுதல் தண்டனை எதற்கு? விசாரணை கேட்ட உரிமைக்கு!

காலம் மிச்சம், செலவு மிச்சம் என்பர். மிச்சமாகாதது எது? உண்மை! 2006 முதல் நம் நாட்டிலும், ஏழாண்டுக்கு மேற்படாத தண்டனைக்குரிய குற்றங்கள் பலவற்றுக்கு இப்பேரம் நுழைந்துள்ளது. தோழர்களே, விழித்திருங்கள்! ஏழைக்குத் திறமான வழக்கறிஞர், எட்டக்கூடிய ஜாமீன், விரைந்த விசாரணை, இவற்றைக் கேளுங்கள். அச்சம் ஈன்ற ஒப்புதல் உண்மையாகாது. பேரத்தில் முடிந்த வழக்கு நீதியாகாது!