நாலு பேருக்கு நல்லதுன்னா, அந்த அஞ்சாவது ஆள் யாரு?

1/ பரங்கிப்பேட்டை அனல்மின் நிலையம் பத்தி யார் கேள்வி கேட்டாலும் ஒரே பதில்: "கரன்ட் வேணும்ல டாக்டர்? நாட்டுக்கே நல்லதுன்னா நாலு கிராமம் பொறுத்துக்கத்தான் வேணும்." இந்த வாதம் தப்பு. ஏன்னு ஒரு மருத்துவரா சொல்றேன்.

2/ இதுக்குப் பேரு பயன்வாதம். 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஜெரமி பென்தாம் வடிவம் கொடுத்தது. மொத்தத்தில் இன்பம் கூடி துன்பம் குறையுதா? அப்போ அது சரி.

3/ பென்தாமை வில்லன் ஆக்க வேண்டாம். அவர் கணக்கில் ராஜாவும் கூலிக்காரரும் ஆளுக்கு ஒண்ணுதான். நாங்களும் அந்தக் கணக்கைப் போடுறோம். பஸ் கவிழ்ந்து 20 பேர் ஒண்ணா வந்தா, யாரை முதல்ல பார்த்தா அதிக உயிர் பிழைக்கும்னு பார்ப்போம்.

4/ இப்போ அதே கணக்கை நீட்டுங்க. உறுப்பு கிடைக்காம 5 பேர் சாகக் கிடக்காங்க. ரத்தப் பரிசோதனைக்கு வந்த ஒரு ஆரோக்கியமான ஆளை அறுத்தா அஞ்சு பேரும் பிழைப்பாங்க. கணக்கு சரி. ஆனா செஞ்சா கொலை.

5/ என்ன வித்தியாசம்? விபத்து வார்டில் இன்னிக்கு நான் காத்திருந்தா, நாளைக்கு நீங்க காத்திருப்பீங்க. அறுவை மேசையில் ஒருத்தர் சம்மதமே இல்லாம மத்தவங்களுக்கு உதிரிபாகம் ஆகிறார். 1971-ல் ஜான் ரால்ஸ் வச்ச குற்றச்சாட்டும் இதுதான்: பயன்வாதம் ஒவ்வொரு மனுஷனும் தனித்தனி ஆள்ங்கிறதையே மறந்துடுது.

6/ இப்போ நம்ம ஊர். 1200 மெகாவாட், நிலக்கரி. 2010-ல் சுற்றுச்சூழல் அனுமதி. 2012-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், சுற்றியுள்ள ஆலைகளோட கூட்டுப் பாதிப்பையும் மதிப்பிட்டு அனுமதியை மறுபரிசீலனை பண்ணச் சொன்னது. கவனிச்சீங்களா? பென்தாம் கேட்ட கூட்டல் கணக்கையே முழுசா போடல! வரவு மெகாவாட்டில் இருக்கு. செலவுப் பக்கம் காலி.

7/ கரன்ட் கம்பி வழியா மாநிலம் முழுக்கப் போகும். நிலக்கரிப் புகையின் நுண்துகள் பக்கத்து ஊர்க்காரர் நுரையீரலுக்குத்தான் முதல்ல போகும்.

8/ ஒரே மாவட்டத்தில் சிப்காட் ரசாயன ஆலைகள், நெய்வேலி சுரங்கம். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ன வயல்ல கால்வாய் வெட்ட இயந்திரத்தை இறக்கினாங்க. விபத்து வார்டு வரிசை மாறும். இந்த வரிசை மாறவே இல்ல.

9/ ரால்ஸ் ஒரு சோதனை சொன்னார். நீங்க அண்ணா நகர் ஏசி ரூமில் பிறப்பீங்களா, புதுக்குப்பம் மீனவர் வீட்டிலயான்னு தெரியாது. இப்போ விதியை எழுதுங்க. கரன்ட்டே வேணாம்னு எழுத மாட்டீங்க. ஆனா இப்படி எழுதுவீங்க: புகையைச் சுத்தம் பண்ணு. காற்றின் அளவை ஊர் நடுவுல தமிழ்ல எழுதிப் போடு. வருஷாவருஷம் நுரையீரல் பரிசோதனை பண்ணு. எல்லாத்துக்கும் முன்னாடி, என்னைக் கேளு.

10/ குடல்வால் ஆபரேஷனுக்கே கையெழுத்து வாங்குறோம். "முடியாது"ன்னு சொல்ல உரிமை இருந்தும் ஒருத்தர் கொடுத்தா, அது தியாகம். அந்த உரிமையே இல்லாதவங்ககிட்ட எடுத்தா, அதுக்குப் பேரு பலி.